மேனேஜருக்குப் பயந்தவர்

"மேனேஜர் பேரை மட்டும் சொல்லிடாதம்மா. உன் கால்ல வேணா விழறேன்."

கோடு போட்ட சட்டைக்காரர் நிஜமாகவே குனிந்துவிட்டார். கை கழுவிக்கொண்டிருந்த பெண் சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள். பேசுவது பக்கத்து அறைக்குக் கேட்டுவிடக் கூடாதென்று குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.

"அப்ப தள்ளினது அவர்தானா?"

"அவரேதான். ஸ்டோர்ஸ்ல இருந்த புது ஏசி அவர் வீட்டுக்குப் போயிடுச்சு. அதை ஒரு வார்த்தை கேட்டது தப்பாப் போச்சு. லிஃப்ட் கதவைச் சாவி போட்டுத் திறந்து, முதுகுல கையை வெச்சு ஒரே தள்ளு. உள்ள லிஃப்டே இல்ல, வெறும் பள்ளம். அந்தக் கதவுச் சாவிகூட இன்னும் அவர் பையிலதான் கிடக்கு. ஆபீஸ் சாமானைத் தூக்கிப் போட அவருக்கு மனசு வராதும்மா."

"இவ்வளவையும் சொல்லிட்டு என்னை வாயை மூடச் சொல்றீங்க. அங்க ஒருத்தன் செய்யாத கொலைக்கு உட்கார்ந்து அழுதிட்டிருக்கான்."

"பாவம்தான். ஆனா இத்தனை வருஷம் அந்த ஆளுக்குக் கீழ குப்பை கொட்டினவன் சொல்றேன், வேண்டாம்."

அவள் எத்தனையோ பயந்தாங்கொள்ளிகளைப் பார்த்திருக்கிறாள். இவர் அவர்களுக்கெல்லாம் தலைவராக இருக்கத் தகுந்தவர்.

ரேடியோ என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர். செத்தவர்கள் சமாசாரம் அவளுக்குத் தெரிந்துவிடும். அது அவள் கேட்டு வாங்கிய வரம் அல்ல. அவள் வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் கேட்கும் வேலையில் இருப்பவள். உயிரோடு இருப்பவர்களின் புலம்பலுக்கே அவளுக்குக் காது போதவில்லை.

ஒருவர் லிஃப்ட் பள்ளத்தில் விழுந்து செத்த இந்த ஆபீசுக்கு அவளை இழுத்து வந்தது அக்காவின் கணவர், இன்ஸ்பெக்டர். அவள் சொல்லித் துப்புத் துலங்கிய கேசுக்கெல்லாம் பாராட்டு அத்தானுக்கு, தலைவலி அவளுக்கு. செத்தவரின் பொருளைக் கையில் கொடுத்தால் போதும், எல்லாம் சொல்லிவிடுவாள் என்று அத்தான் ஊரெல்லாம் பெருமையடித்து வைத்திருந்தார். உண்மையில் அது எப்படி நடக்கிறது என்று அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

அவள் அறைக்குள் போனாள். கோடு போட்ட சட்டைக்காரர் பின்னாலேயே வந்து ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"தங்கமான மனுஷன் சார் எங்க ஸ்டோர்ஸ் கிளார்க்," என்று மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "லீவே எடுக்க மாட்டார். இந்த மெக்கானிக்தான் அவரோட சண்டை போட்டான். கதவை இவன்தான் திறந்து வெச்சிருக்கணும்."

சொல்லிக்கொண்டே கையிலிருந்த தோல்பையை அந்த நாற்காலியில் வைக்கப் போனார். கோடு போட்ட சட்டைக்காரர் பதறி எழுந்து சுவரோரம் ஒதுங்கினார். மேனேஜர் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மேனேஜர்கள் பொதுவாக அப்படித்தான்.

லிஃப்ட் மெக்கானிக் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா, எனக்குக் கைக்குழந்தை இருக்கு. சண்டை போட்டது நிஜம். தள்ளலக்கா."

அவள் யோசித்துப் பார்த்தாள். வாயைத் திறந்தால் நாளையிலிருந்து வீட்டு வாசலில் குறி கேட்கக் கூட்டம் நிற்கும். திறக்காவிட்டால் இவன் உள்ளே போவான்.

அத்தான், செத்தவரின் உடைந்த மூக்குக்கண்ணாடியை அவள் கையில் வைத்தார். "ம், சொல்லு. யாரு?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடாவிட்டால் யாரும் நம்புவதில்லை. மறுபடி திறந்தபோது சுவரோரத்தில் அவர், வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"மெக்கானிக் இல்ல அத்தான். மேனேஜர்."

மேனேஜர் சிரித்தார். "சார், இந்தக் குறி சொல்றதெல்லாம் கோர்ட்ல நிக்குமா?"

"நிக்காது," என்றாள் ரேடியோ. "லிஃப்ட் கதவைத் திறக்கிற சாவி அந்தப் பையில இருக்கு. அது நிக்கும்."

சிரிப்பு பாதியில் நின்றது. அத்தான் பையைக் கவிழ்த்துக் கொட்டினார். ஆபீஸ் பேனாக்கள், ஆபீஸ் சோப்பு, ஆபீஸ் பல்பு எல்லாவற்றோடும் அந்தச் சாவியும் மேஜையில் வந்து விழுந்தது. அதைப் பார்த்த மேனேஜர், கேள்வி கேட்பதற்கு முன்பே உளற ஆரம்பித்துவிட்டார்.

அவரை அழைத்துக்கொண்டு போனார்கள். மெக்கானிக் அழுதுகொண்டே வீட்டுக்குப் போன் செய்ய ஓடினான். அவள் பயந்தது அங்கேயே தொடங்கிவிட்டது. ஆபீஸ் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு அம்மாள் அவள் காதருகே வந்து, "எங்க மாமியார் போய்ச் சேர்ந்துட்டாங்க, வளையலை எங்க வெச்சாங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்" என்றாள். மாமியார் எப்படிச் செத்தார் என்பதில் அந்த அம்மாளுக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

அவளையும் அனுப்பிவிட்டு ரேடியோ திரும்பிப் பார்த்தாள். காலியான அறையில் கோடு போட்ட சட்டைக்காரர் மட்டும் சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்தார். அவள் மனசு கொஞ்சம் இளகியது.

"இன்னும் என்னங்க பயம்? அவருக்குத் தூக்கு நிச்சயம்னு அத்தானே சொல்லிட்டுப் போறாரு. இனிமே அவரால உங்களை என்ன பண்ண முடியும்?"

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்னைக் கொன்னதோட விட்டாரேன்னு நிம்மதியா இருந்தேன். தூக்குல போட்டா, நேரா நான் இருக்கிற இடத்துக்குத்தானேம்மா வருவாரு?"