எட்டுக் கரண்டிச் சர்க்கரை

“நாலு கரண்டியெல்லாம் எந்த மூலைக்கு? எட்டாப் போடு” என்றார் முதலாளி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி.

கேன்டீன் பெண் டிராலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “சார், உங்களுக்குச் சுகர் முந்நூறைத் தாண்டி நிக்குது.”

“அது இறங்கிடக் கூடாதுன்னுதானே சொல்றேன். காது கேக்குதா, இல்லையா?”

முதலாளிக்கு வியாதி இருந்தது உண்மைதான். ஆனால் அவரை அந்த ஏசி அறையில் படுக்கவைத்தது வியாதி இல்லை, வழக்கு. ஆலையில் தீப்பிடித்தபோது பின்கதவு ஏன் பூட்டியிருந்தது என்பதை அவர் வாயால் கேட்டே தீருவேன் என்கிறார் ஜட்ஜ்.

சர்க்கரை கட்டுக்குள் வரவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை கோர்ட்டுக்குப் போக வேண்டாம். வியாழக்கிழமை வாய்தாவை மட்டும் தாண்டிவிட்டால் போதும். ஜட்ஜ் ஓய்வு பெற்றுவிடுவார், வழக்கு மறுபடி அ, ஆவிலிருந்து ஆரம்பிக்கும்.

இத்தனை நாள் டிரைவர் கடத்திவந்த கேக்கும் ஜாமும் அவரைக் காப்பாற்றின. புதிதாக வந்த ஹெட் நர்ஸ் தலையணை உறை வரை உருவிப் பார்த்து, அத்தனையையும் வாரிக்கொண்டு போய்விட்டாள். முதலாளி அவளுக்குக் ‘கஸ்டம்ஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்.

கேன்டீன் பெண் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஓட்ஸை ஓவன்ல வேகவெச்சுக் கொண்டு வர்றேன் சார். கேக் மாதிரியே இருக்கும். பார்க்கிறவங்களுக்குப் பத்தியச் சாப்பாடு.”

“பொழைக்கத் தெரிஞ்ச பொண்ணு! என்ன படிச்சிருக்கே?”

“சத்துணவுப் படிப்புல டிகிரி சார். எங்க வீட்டுல காலேஜுக்குப் போன மொத ஆளு.”

“டிகிரி வாங்கிட்டு டிராலி தள்ளுறியா? இந்தக் கேஸ் முடியட்டும், ஆலை ஆபீஸ்ல உனக்கு ஒரு நாற்காலி போடறேன்.”

“ஆலை வேலைன்னா எங்கம்மா விட மாட்டாங்க சார்.”

பெண்ணைப் பொத்திப் பொத்தி வளர்க்கிற வீடு போலிருக்கிறது என்று முதலாளி நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை டிராலி உள்ளே வருவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. சதுரமாக வெட்டிய துண்டு. மேலே பொன்னிறம், உள்ளே மெத்து. தோல் கறுத்த வாழைப்பழம், துருவிய ஆப்பிள், பட்டைத்தூள், அங்கங்கே பாதாம். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

“எட்டும் போட்டியா?”

“நீங்க சொன்னதை மறப்பேனா சார்?”

அந்த நேரம் பார்த்துக் கஸ்டம்ஸ் உள்ளே நுழைந்தாள். முதலாளி வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினார். அவள் தட்டில் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டாள், மென்றாள், கேன்டீன் பெண்ணை ஒரு பார்வை பார்த்தாள். “இதையே குடு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

“கஸ்டம்ஸையே ஏமாத்திட்டியே! கைகாரிதான் நீ” என்று முதலாளி குலுங்கிச் சிரித்தார்.

அதன்பின் அவருக்குக் கேக்கும் வேண்டியிருக்கவில்லை, ஜாமும் வேண்டியிருக்கவில்லை. டிரைவர் சாக்ஸுக்குள் ஒளித்துக் கொண்டுவந்த சாக்லேட்டைக்கூட ‘நீயே தின்னுடா’ என்று திருப்பி அனுப்பினார். காலையில் இரண்டு துண்டு சாப்பிட்டால் மதியம்வரை பசிக்கவே இல்லை. தினமும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். எவ்வளவு என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. தானே எழுதிக் கொடுத்த கேள்வித்தாளுக்கு மார்க்கை வேறு கேட்பார்களா?

புதன்கிழமை காலை அவருக்கு ஏகக் குஷி.

“ஒருத்தி இருக்கா, முன்பெஞ்சுக்காரி. புருஷன் தீயில போயிட்டான்னு ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட் திறக்கிறதுக்கு முன்னாடியே வந்து மொத பெஞ்சுல உக்காந்துக்குவாளாம். நான் கூண்டுல ஏறுறதைப் பார்க்காம சாக மாட்டாளாம். வக்கீல் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.”

“பார்க்கட்டுமே சார், பாவம்” என்றாள் அவள், துண்டை எடுத்துத் தட்டில் வைத்தபடி.

“எதைப் பார்க்கிறது? நாளைக்கு வாய்தா தள்ளிப் போகட்டும். நாளை மறுநாள் ஆலைக் குடியிருப்புல அவ வீட்டுச் சாமானைத் தெருவுல வீசறேன். என்மேல கேஸ் போட்டவ என் கூரைக்குக் கீழ படுப்பாளா?”

அவள் கையில் இருந்த கரண்டி ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு இன்னொரு துண்டை வைத்தாள். “நல்லாச் சாப்பிடுங்க சார். நாளைக்குத் தெம்பு வேணும்ல?”

அவர் கடைசித் துணுக்கை வழித்துக்கொண்டிருந்தபோது டாக்டர் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“வாழ்த்துகள் சார்! வெறும் வயித்துல எடுத்தாலும் நார்மல், சாப்பிட்டப்புறம் எடுத்தாலும் நார்மல். மாத்திரை இப்பதான் ஒழுங்கா வேலை செய்யுது. இன்னிக்கே டிஸ்சார்ஜ். நாளைக்கு நீங்க தாராளமா ஆஜராகலாம்னு கோர்ட்டுக்கு லெட்டரும் அனுப்பியாச்சு.”

டாக்டர் போனதும் முதலாளி காலித் தட்டைப் பார்த்தார். டிராலியில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார்.

“ஏய்! எட்டுக் கரண்டின்னு சொன்னேனே... என்னத்தடி போட்டே இதுல?”

அவள் டிராலியை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே நின்று திரும்பினாள்.

“நாளைக்கு மொத பெஞ்சுல, எங்கம்மா பக்கத்துல உக்காந்து சொல்றேன் சார்.”