கத்தாத அலாரம்

ஒச்சப்பனுக்கு ஊரில் எவன் மேலும் நம்பிக்கை கிடையாது. வீட்டுக்கு வெளியே தெருவில் நிறுத்தும் தன் பழைய மாருதிக்கு ஏற்கெனவே கியர் பூட்டு போட்டிருந்தார். இன்றைக்கு அலாரம் வாங்க வந்திருந்தார்.

"கதவுப் பூட்டையும் மாத்திருவோமாய்யா? இன்னொரு சாவி எங்க?" என்றார் கடைக்காரர் நசீர்.

"எம் மககிட்ட. ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு போனவ, ஆறு வருசமாச்சு. பூட்டுல கை வைக்காத."

நசீர் ஓர் அலாரத்தை அலறவிட்டார். தெருநாய்கள் குரைத்தன.

"வந்த ஆளு பயந்து ஓடிருமேய்யா!" என்றார் ஒச்சப்பன்.

"ஓடத்தான இது?"

ஒச்சப்பன் அதைத் தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்தார். கார் கதவைத் திறந்தால், பையிலிருக்கும் ரிமோட் மட்டும் அதிரும்.

"வண்டி வாயத் தொறக்காதுல்ல?"

"தொறக்காது. ஆனா கள்ளன் வந்தாலும் இப்படித்தான்."

"வந்துட்டுப் போறான்."

மாட்டி முடித்ததும் ரிமோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாவியை நசீரிடம் நீட்டினார்.

"தொற, பாப்போம்."

நசீர் கதவைத் திறந்தார். ஒச்சப்பனின் நெஞ்சின் மேல் ரிமோட் துடித்து அடங்கியது. அதன்மேல் கையைப் பொத்திக்கொண்டார்.

"இன்னொரு தரம் தொறங்க, பாய்."