சன்னல் சீட்டு எனக்குத்தான்

முப்பதாவது கல்யாண நாளுக்கு மூன்று நகரம், ஒரு கடற்கரை என்று மகள் அனுப்பியிருந்த பயணத் திட்டத்தை மனைவி ஆசையாகப் படித்தாள்.

"முதல் ஊரே வேண்டாம். எல்லாம் ஒருவழிப் பாதை. சுத்திச் சுத்தியே உசிரு போயிடும்," என்றார் கணவர்.

"ரெண்டாவது ஊர்ல மலை மேல அரண்மனை இருக்காமே?"

"அந்த ஏத்தம் முதுகை ஒடிச்சிடும்."

"சரி, கடற்கரை?"

"நிழலே கிடையாது. நூறு தடவை போயாச்சு, சலிச்சுப் போச்சு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நூறு தடவை போனீங்களே, கட்டினவளை ஒரு தடவையாவது கூப்பிட்டீங்களா? நான் இந்த நாலு சுவத்தையே பார்த்துக்கிட்டுக் கிடந்தேன். இந்தத் தடவை போறோம். சன்னல் சீட்டு எனக்குத்தான்!"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவள் விடவில்லை.

"அந்த அரண்மனை எப்படி இருக்கும்னாவது சொல்லுங்களேன்."

"தெரியாது."

"கடல்?"

"எல்லாரையும் இறக்கி விட்டுட்டு, பஸ்ஸுக்கு அடியில துண்டை விரிச்சுப் படுத்துடுவேன். திரும்ப ஓட்டணுமே. நான் கண்ணசந்தா பின்னால நாப்பது உசிரு."

போன மாதம்தான் ஓய்வுபெற்ற அந்தச் சுற்றுலா பஸ் டிரைவரை அவள் முறைத்தாள். அதே கோபத்தோடு மகளுக்குப் போன் போட்டாள்.

"எல்லா ஊருக்கும் டிக்கெட் போடுடி. சன்னல் சீட்டு உங்க அப்பாவுக்கு."

பிறகு அவர் பக்கம் திரும்பி விரலை நீட்டினாள்.

"ஆனா ரோட்டைப் பார்த்தீங்க, தெரியும் சேதி!"