ஐந்தாவது வரி

ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தையை ஆறு வரிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். தினமும் காலையில் முதல் வரி ராகவேந்திரனுடையது, அடுத்தது அவர் மனைவி ஸ்ரீலக்ஷ்மியுடையது. ஒரே போனில், மாறி மாறி. அவர் போய் எட்டு மாதமாகிறது. மயிலாப்பூர் வீட்டில் அவள் தனிதான். ஆனாலும் போனை மேஜையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் வந்தால் அவர் வரி நிரம்பியிருக்கும். பயப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

இன்று நான்காவது வரியிலேயே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. போட்டால் ஆட்டம் முடிந்துவிடும், இனி நாளைக்குத்தான். அவளுடைய தரமணி ஆபீஸ் பஸ் வரும் நேரம். ஆனாலும் வேண்டுமென்றே ஒரு தப்பு வார்த்தையைப் போட்டாள்.

“ஏன்னா, உங்க டர்ன். நான் டிபன் கட்டிண்டு வரேன்.”

வந்து பார்த்தாள். இந்த ஆட்டத்தில் ஒருநாளும் தோற்காத மனுஷர், அவள் போட்ட அதே தப்பு வார்த்தையை மறுபடியும் போட்டிருந்தார்.