அப்பாவைச் சிரமப்படுத்தாதீங்க

உள்ளே போனால் உயிர், வெளியே வந்தால் பேச்சு. அது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்?

மூச்சுதான்.

பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததிலிருந்து, ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி முதலாளி லியாகத் அலிக்கு இரண்டுமே அரைகுறை. வாயருகே காதை வைத்தால்தான் அவர் சொல்வது கேட்கும்.

"இழுங்க ஐயா! இன்னும் கொஞ்சம்!"

பிசியோதெரபி ஹேமலதா விடமாட்டாள். மூக்கில் கிளிப், வாயில் ஸ்பிரிங் வைத்த குழல். ஸ்பிரிங்கை மீறி மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். அவர் முகம் சிவந்து கண்ணில் நீர் கட்டியது.

பார்க்க வந்திருந்த தங்கை அஃப்ஸர் ஜஹானுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா இது? தோலை இழுத்துக் கட்டத்தான் டேனரி இருக்கே, எங்க பாய்ஜானை ஏன் இழுக்க வைக்கிறே?"

"மூச்சு இழுக்கிற தசையும் சோர்ந்துபோச்சும்மா. அது தேறினாத்தான் நல்லா இரும முடியும். சத்தமாப் பேசவும் முடியும்."

மகன் நவீத் ஓடி வந்து குழலைப் பிடுங்கினான். "போதும் மேடம். அப்பாவைச் சிரமப்படுத்தாதீங்க. நாளையிலேருந்து நீங்க வர வேணாம்."

துண்டை எடுத்து அப்பாவின் வாயை ஒற்றி ஒற்றித் துடைத்தான்.

அஃப்ஸர் ஜஹான் உருகிப்போனாள். "புள்ளைன்னா இப்படி இருக்கணும்!"

லியாகத் அலி கூரையைப் பார்த்தார். சிரிப்பதற்கும் மூச்சு வேண்டுமே!

மறுநாள், பாலாற்றங்கரை விவசாயி கோதண்டராமன் வந்தார்.

"பாய், எங்க கிணத்துத் தண்ணி நுரைக்குது. உங்க டேனரிக் கழிவுன்னு ஊரே பேசுது. நீங்க நின்னு பார்த்தவரைக்கும் ஒரு சொட்டு ஆத்துல விட்டதில்ல. அடுத்த மாசம் அதிகாரிங்க வர்றாங்க. நீங்க வாய் திறந்து சொன்னா எடுபடும்."

லியாகத் அலியின் உதடு அசைந்தது. கோதண்டராமன் காதைக் கொடுத்துக் குனிந்தார்.

நவீத் நடுவில் புகுந்தான். "பேச வைக்காதீங்கண்ணே. டாக்டர் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

"உங்களை மாதிரி பாத்துக்க ஆள் வேணும் தம்பி" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார் கோதண்டராமன்.

கதவு சாத்தியதும் நவீத் போனை எடுத்தான். கட்டிலில் கிடப்பவரை மர பீரோவாக நினைத்தானோ என்னவோ, குரலைக்கூடத் தணிக்கவில்லை.

"இன்னைக்கும் கழிவை ஆத்துப் பக்கமே திறந்து வுடு... யாரு, அப்பாவா? அவரு எங்கே பேசப்போறாரு?"

போனை வைத்துவிட்டு, கட்டிலருகே படம் வரைந்துகொண்டிருந்த ஏழு வயது மகளைக் கூப்பிட்டான். முந்தின நாள் பிடுங்கி வைத்த குழலை அவள் கையில் கொடுத்தான்.

"உமைமா, இதைக் குப்பையில போட்டுடு. தாதாவுக்கு வலிக்குதுல்ல?"

அவன் டேனரிக்குக் கிளம்பிப் போனான்.

உமைமா குழலைக் கழுவிக் கொண்டுவந்து தாதாவின் வாயில் வைத்தாள். "இழுங்க தாதா! இன்னும் கொஞ்சம்!"