வக்கீலுக்கு ஓட்டு

“ஏனுங்க, பதினாறாவது ரவுண்டு முடிஞ்சுதுங்களா? வக்கீலு முன்னால இருக்காருங்களா?”

ஓட்டு எண்ணும் கல்லூரி வாசலில், போலீஸ் போட்ட தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற செல்லமுத்து கேட்டார். பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். காலையிலிருந்து ஒரு டீயைத் தவிர வயிற்றில் ஒன்றும் இறங்கவில்லை.

“எரநூறு ஓட்டு பின்னாலதானுங்க. கடைசி ரவுண்டு உங்க வேலூர்ப் பக்கத்துப் பூத்து. அதுதான் பாக்கி,” என்றார் கட்சியின் ஒன்றியச் செயலாளர் குருமூர்த்தி, போனைப் பார்த்தபடி.

செல்லமுத்து தடுப்புக்கு மேலே எக்கி ஒலிபெருக்கியைப் பார்த்தார்.

வக்கீல் சுவாமிநாதன் லேசுப்பட்ட ஆள் இல்லை. பழைய மொபெட்டில் நாமக்கல் கோர்ட்டுக்கு வந்துபோனவர், இருபது வருடத்தில் மாவட்டமே பேர் சொல்லும்படி வளர்ந்துவிட்டார். அவர் குறுக்கு விசாரணைக்கு எழுந்தால், கூண்டில் நிற்பவன் சொந்த அப்பன் பேரைச் சொல்லவே யோசிப்பான். அந்த வாய்க்காகத்தான் கட்சி அவருக்கு எம்.பி. சீட்டையே கொடுத்தது.

செல்லமுத்துவும் சும்மா இருக்கவில்லை. வீடு வீடாகப் போய், தன் தோட்டத்து வெற்றிலையைப் பாக்கோடு கையில் வைத்து ஓட்டுக் கேட்டார். வெற்றிலை வாங்கியவர் வாக்கு மாறுவது அந்தப் பக்கம் வழக்கமில்லை. கொடிக்கால் வேலையைப் போட்டுவிட்டு இப்படித் திரிகிறாரே என்று மனைவி கந்தம்மாள் திட்டிப் பார்த்து ஓய்ந்துபோனாள்.

“உங்க வாய்க்கால் கேசு திங்கக்கிழமை வருதுன்னீங்களே?” என்றார் குருமூர்த்தி.

“ஆமாங்க. ஒன்பது வருசமா பங்காளியோட இழுத்துட்டுக் கெடக்குது. தோத்தா தண்ணி போச்சு, கொடிக்கால் காஞ்சு போயிரும்.”

“அப்ப வக்கீலு தோக்கறதுதானுங்க உங்களுக்கு நல்லது. ஜெயிச்சு டெல்லிக்குப் போயிட்டா கேசு ஜூனியர் கைக்குப் போயிரும். அந்தத் தம்பிக்கு வாய்தா வாங்கறதைத் தவிர ஒண்ணுந் தெரியாது.”

“கேசு கெடக்குதுங்க. அவரு ஜெயிக்கோணும்.”

குருமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு தொண்டனா என்று நினைத்துக்கொண்டார்.

ஒலிபெருக்கி கரகரத்தது. நானூற்றுப் பத்து ஓட்டு வித்தியாசத்தில் சுவாமிநாதன் வெற்றி. பட்டாசு வெடித்தது. செல்லமுத்து தடுப்போரமே உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்த வக்கீலின் முன்னால் குருமூர்த்தி செல்லமுத்துவைக் கொண்டுபோய் நிறுத்தினார். “அண்ணா, கடைசி ரவுண்டுல உளுந்த ஓட்டுப் பூராம் இவரு வெத்தலைக்கு உளுந்ததுங்க. உங்களுக்காகத் தன்னோட கேசையே பெருசா நெனைக்காத மனுசன்.”

செல்லமுத்து போட்ட மாலையோடு வக்கீல் அவரை உற்றுப் பார்த்தார். “உங்களை எங்கியோ பாத்திருக்கனே?”

“கூண்டுலதானுங்க. என்ர பங்காளிக்கு நீங்கதானுங்களே வக்கீலு, திங்கக்கிழமை என்னையத்தான் குறுக்கு விசாரணை பண்றதா இருந்தீங்க,” என்ற செல்லமுத்து, கும்பிட்ட கையை இறக்காமலே கேட்டார்: “டெல்லிக்கு எப்பங்க கெளம்பறீங்க?”