அக்காவின் புருவம்

அக்கா புதிதாகத் திறக்கும் மசாஜ் நிலையத்துக்கு எண்ணெய் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு தம்பியின் மூக்கில் வந்து விழுந்தது. வாசனைத் திரவியக் கம்பெனியில் வேலை பார்த்தவனாயிற்றே! எண்ணெய் சரியாக அமைந்தால் அங்கேயே வேலை என்று சொல்லியிருந்தாள்.

போன காய்ச்சலோடு அவனுக்கு வாசனை அறியும் சக்தியும் போய்விட்டது. மூக்கு இப்போது முகத்துக்கு வெறும் அழகு. இதை அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

எண்ணெய்க் கடைக்காரர் முதல் குப்பியை நீட்டினார். தம்பி ஞானி போல முகர்ந்துவிட்டு, அக்காவிடம் கொடுத்து ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் முகம் சுளித்தது.

"சுமார்தான்" என்றான்.

"நானும் அதையேதான் நினைச்சேன்டா!"

பாதாமும் எள்ளும் தேங்காயும் அப்படியே கழிந்தன. அடுத்த குப்பியில் அக்காவின் புருவம் ஜிவ்வென்று ஏறியது. விடுவானா?

"இதுதான்க்கா! பூந்தோட்டத்துக்குள்ள நடக்கற மாதிரி இருக்கு."

"எனக்குப் புல்லரிக்குதுடா! அண்ணே, இதையே கேன் கேனா அனுப்புங்க."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அம்மா, இது திராட்சை விதை எண்ணெய். இதுல வாசனையே கிடையாதே!"

தம்பி அக்கா பக்கம் திரும்பினான். "அக்கா, நீ புருவத்தைத் தூக்கினியே?"

"தும்மலை அடக்கினேன்டா. ஒரு வாரமா ஜலதோஷம், ஒரு வாசனையும் தெரியல. வெளிய சொன்னா இவர் கண்டதையும் தலையில கட்டிடுவாரேன்னு உன் மூஞ்சியைப் பார்த்துத் தலையாட்டினேன். ஆமா, நீ எதை மோந்து பார்த்தே?"

"உன் மூஞ்சியைத்தான்க்கா."

அக்கா அவனை முறைத்தாள். பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சரி, வேலைக்கு வந்து தொலை. ஆனா எண்ணெய் பக்கம் போகாதே. வர்றவங்க முகத்தைப் பார்த்து உக்கார வை, போதும்."